செறிவைக் கூட்டினால் இரைச்சல் குறையும்தானே, அப்புறம் ஏன் ஃபோட்டான் எண்ணும் சி.டி.யில் படம் கெடுகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: எக்ஸ்ரே செறிவு கூடினால் ஃபோட்டான்கள் (எக்ஸ்ரேயின் ஆற்றல் துகள்கள்) கூடும், படத்தின் புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறையும் என்றுதான் பாடத்தில் படித்தீர்கள், ஆனால் ஃபோட்டான் எண்ணும் சி.டி.யில் செறிவு மிகுந்தால் படம் கெடும் என்று ஓர் உரையில் கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் மில்லிஆம்பியரை, அதாவது செறிவைத் தீர்மானிக்கும் எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டத்தை, எப்போதும் குறைத்து வைப்பதுதான் சரியா என்கிறீர்கள். இதில் இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது. மொத்தம் எத்தனை ஃபோட்டான் வந்தது என்பது ஒன்று, அவை எவ்வளவு நெருக்கியடித்து வந்தன என்பது இன்னொன்று. பாடப்புத்தகம் பேசுவது முதலாவதைப் பற்றி, நீங்கள் கேட்ட உரை பேசியது இரண்டாவதைப் பற்றி. நான் பல வருடங்களாக எக்ஸ்ரேயை உள்வாங்கி அளக்கும் டிடெக்டர் பக்கம் வேலை செய்கிறேன், படம் பார்த்து நோய் சொல்லும் கதிரியலாளர் இல்லை. அதனால் டிடெக்டருக்குள் நடப்பதை உறுதியாகச் சொல்கிறேன், நோயறிதலில் அது எவ்வளவு உறைக்கும் என்பதைக் கதிரியலாளர்களிடம் விடுகிறேன்.

முதலில் பழைய டிடெக்டரைப் பார்த்துவிடலாம். அதில் எக்ஸ்ரே ஒரு சின்டில்லேட்டரில் பட்டு ஒளியாகிறது, ஒளியை ஃபோட்டோடையோடு மின்னோட்டமாக்குகிறது, ஒரு அளவீட்டு நேரத்துக்குள் வந்த மொத்த ஆற்றலும் கூட்டப்பட்டு ஒரே எண்ணாக வெளியே வருகிறது. ஃபோட்டான்கள் எவ்வளவு நெருக்கமாக வந்தாலும் அதற்குக் கவலை இல்லை, கூட்டல்தானே. ஃபோட்டான் எண்ணும் டிடெக்டரில், பெரும்பாலும் காட்மியம் டெல்லுரைடு போன்ற குறைகடத்தியில், ஒவ்வொரு ஃபோட்டானும் நேரடியாக ஒரு மின்மேகத்தை உண்டாக்கி ஒரு சின்ன பல்ஸாக வெளிவருகிறது. பல்ஸின் உயரம் அந்த ஃபோட்டானின் ஆற்றலைச் சொல்லும். சுற்று அந்த உயரத்தைச் சில திரெஷோல்டுகளோடு (முன்பே வைத்த வரம்புகளோடு) ஒப்பிட்டு, எந்த ஆற்றல் பெட்டியில் இது விழுகிறது என்று பார்த்து அந்தப் பெட்டியின் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது.

கைதட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய டிடெக்டர் அரங்கின் மொத்த சத்தத்தை அளக்கிற மாதிரி. புதியது ஒவ்வொரு தட்டலையும் காதால் எண்ணுகிற மாதிரி. நான்கு பேர் நிதானமாகத் தட்டினால் எண்ணிவிடலாம், யார் பலமாகத் தட்டினார் என்றுகூடச் சொல்லிவிடலாம். நாற்பது பேர் தட்டினால் இரண்டு தட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஒரு பலத்த தட்டலாகக் கேட்கும். அரங்கமே தட்டினால் இடைவெளியே இல்லாமல் ஒரு நீண்ட ஓசைதான் கேட்கும், எண்ண எதுவும் இருக்காது. ஃபோட்டான் எண்ணும் டிடெக்டரில் செறிவு மிகும்போது இந்த மூன்று கட்டமும் இதே வரிசையில் வரும். இதற்குத்தான் பைல்-அப் என்று பெயர். ஒரு பல்ஸ் வந்த பிறகு அடுத்ததைத் தனியாக அடையாளம் காண முடியாமல் போகும் சிறு நேரம்தான் டெட் டைம்.

இனி எண்களுக்கு வரலாம், எண் இல்லாமல் இந்த விஷயம் பிடிபடாது. மருத்துவ சி.டி.யில் உடம்பு எதுவும் குறுக்கே இல்லாத இடத்தில், டிடெக்டரின் 1 சதுர மில்லிமீட்டரில் நொடிக்கு 10 கோடி முதல் 100 கோடி வரை ஃபோட்டான்கள் வரலாம். பிக்சலின் பக்கம் கால் மில்லிமீட்டர் என்று வைத்தால் பரப்பு பதினாறில் ஒரு பங்கு. டெட் டைம் 20 நானோநொடி என்று எடுத்துக்கொள்கிறேன் (கணக்குக்காக நான் எடுத்த எண், எந்த மெஷினின் விவரமும் இல்லை). சதுர மில்லிமீட்டருக்கு 10 கோடி வந்தால் பிக்சலுக்கு நொடிக்கு 62.5 லட்சம். அதை 20 நானோநொடியால் பெருக்கினால் 0.125, அதாவது ஒரு டெட் டைமுக்குள் சராசரியாக வரும் ஃபோட்டான். எளிய மாதிரியின்படி ஏறத்தாழ 11 சதவீதம் எண்ணப்படாமல் போகும். திருத்தம் போட்டுச் சமாளிக்கக்கூடிய அளவு. அதுவே 100 கோடி என்றால் பெருக்கல் 1.25 ஆகிவிடுகிறது, அங்கே கதையே மாறுகிறது.

ஏன் மாறுகிறது என்று சொல்ல, எல்லோரும் பயன்படுத்தும் இரண்டு மாதிரிகளைச் சொல்ல வேண்டும். ஒன்றில், டெட் டைமுக்குள் வரும் ஃபோட்டான் வெறுமனே தவறவிடப்படும், டெட் டைம் நீளாது. இதில் கவுண்ட் ஏறிக்கொண்டே போய் ஒரு உச்சவரம்பை நெருங்கும், ஆனால் திரும்பி இறங்காது. இன்னொன்றில், உள்ளே வரும் ஒவ்வொரு ஃபோட்டானும் டெட் டைமை இன்னும் நீட்டிவிடும், ஓயாத கைதட்டல் மாதிரி. இதில் கவுண்ட் ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். மேலே சொன்ன அதே பிக்சலை இந்த இரண்டாவது மாதிரியில் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 4 கோடி ஃபோட்டான் வந்தாலும் கவுண்டர் ஏறத்தாழ 1.8 கோடி என்கிறது, 6.25 கோடி வந்தாலும் அதே 1.8 கோடி என்கிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எது உண்மை என்று எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது. உண்மையான டிடெக்டர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நடந்துகொள்கின்றன, பல்ஸின் வடிவத்தையும் திரெஷோல்டு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்து. அதனால் கட்டுரைகளில் வரும் வளைகோடுகளை அப்படியே உங்கள் டிடெக்டருக்குப் பொருத்திவிடாதீர்கள், உங்கள் டிடெக்டரின் வளைகோட்டை நீங்களே அளந்தாக வேண்டும்.

இனி உங்கள் மூலக் கேள்விக்கு, அதாவது இரைச்சலுக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள், ஆரம்ப காலத்தில் நானும் ஏமாந்தேன். செறிவை ஏற்றிக்கொண்டே போய் ஒரு பிக்சலின் கவுண்டைப் பல முறை பதிவு செய்தால், எண்கள் பாய்சான் கணக்கு (தற்செயலாக வருபவற்றின் எண்ணிக்கை எவ்வளவு அலைபாயும் என்று சொல்லும் விதி) சொல்வதைவிடக் குறைவாகவே அலைபாயும். பார்க்க அழகாக, வழுவழுவென்று இருக்கும். காரணம், டெட் டைம் கவுண்ட்களை ஒழுங்குபடுத்திவிடுகிறது, ஒவ்வொரு எண்ணிக்கைக்குப் பின்னும் ஒரு கட்டாய இடைவெளி விழுவதால் அவற்றின் தற்செயல்தன்மை குறைகிறது. டெட் டைம் நீளாத மாதிரியில், பெருக்கல் 1.25 இருக்கும் இடத்தில் அலைபாய்தல் ஏறத்தாழ 3.4 மடங்கு சுருங்குகிறது. ஆனால் வரும் ஃபோட்டானில் சிறு மாற்றம் நேர்ந்தால் கவுண்டில் அது தெரியும் அளவு 5 மடங்கு சுருங்கிவிடுகிறது. ஆக, கவுண்டைத் திருத்தி உண்மையான எண்ணிக்கைக்குக் கொண்டுவரும்போது சிக்னலோடு சேர்ந்து அலைபாய்தலும் 5 மடங்கு பெருக்கப்படும், முடிவில் ஒழுங்கான டிடெக்டரில் இருப்பதைவிட இரைச்சல் ஒன்றரை மடங்கு. வந்த ஃபோட்டான்கள் சுமந்துவந்த தகவலில் 44 சதவீதம்தான் கைக்கு வந்தது என்று பொருள். அந்தக் கதிர் உடம்பின் மெல்லிய பகுதி வழியே வந்திருந்தால், நோயாளி வாங்கிய டோஸில் பாதிக்கு மேல் படத்துக்கு உதவாமல் போயிற்று. இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பச்சையான கவுண்டின் அலைபாய்தலை மட்டும் பார்த்து இரைச்சல் குறைந்துவிட்டது என்று எழுதப்பட்ட மாணவர் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சரிவையும், அதாவது வரும் ஃபோட்டான் மாறும்போது கவுண்ட் எவ்வளவு மாறுகிறது என்பதையும், அளந்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

அப்படியானால் சி.டி. படம் முழுக்கவே நாசமாகிவிடுமா? இல்லை. ஃபோட்டான்கள் நெருக்கியடிப்பது உடம்புக்கு வெளியிலும் ஓரங்களிலும்தான். 30 சென்டிமீட்டர் நீர் வழியே வரும் கதிர் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். காற்றில் சதுர மில்லிமீட்டருக்கு 100 கோடி இருந்தால்கூட வயிற்றின் நடுவில் ஊடுருவி வருவது 30 லட்சம்தான், நம் கால் மில்லிமீட்டர் பிக்சலில் இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே. படத்தின் இரைச்சலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஃபோட்டான் பஞ்சத்தில் வாடும் இந்த நடுக்கதிர்கள்தான். நெருக்கடி இருக்கும் இடத்தில் ஃபோட்டான்கள் ஏற்கெனவே தாராளம், அங்கே கொஞ்சம் தகவல் போனாலும் இரைச்சலில் பெரிதாகத் தெரியாது. அதனால் பைல்-அப்பால் இரைச்சல் கூடுகிறது என்பது உண்மையானாலும், வழக்கமான ஸ்கேனில் நான் அதிகம் கவலைப்படுவது அதற்காக இல்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது, அளவுகள் நகர்ந்துபோவதில். சி.டி. ஒவ்வொரு கதிரையும், குறுக்கே எதுவும் இல்லாதபோது வந்த கவுண்டோடு ஒப்பிட்டு மடக்கை எடுக்கிறது. காற்று ஸ்கேனில் 11 சதவீதம் தவறிப்போய், நடுக்கதிரில் எதுவும் தவறவில்லை என்றால், மடக்கையில் 0.12 குறையும். 30 சென்டிமீட்டர் நீருக்கு அந்த எண் 5.8 இருக்க வேண்டும், 5.7-க்குக் கீழே வந்துவிடும், அதாவது 2 சதவீதப் பிழை. நீரின் 1 சதவீதம் 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி. படத்தின் அளவுகோல்) என்பதை நினைவில் வைத்தால் இதன் கனம் புரியும். கதிருக்குக் கதிர் இந்தப் பிழை மாறுவதால், மீட்டுருவாக்கிய படத்தில் ஒரே சீரான நீர்கூட நடுவில் ஓர் அளவும் ஓரத்தில் வேறோர் அளவுமாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் டெட் டைமும் திரெஷோல்டும் துளி மாறுபட்டாலே போதும், வளையங்கள் வந்துவிடும். ஒரு முறை எங்கள் சோதனைக் கருவியில் நீர் ஃபாண்டத்தின் (உடம்புக்குப் பதிலாக வைக்கும் நீர் நிரப்பிய சோதனைப் பொருளின்) நடுப்பகுதி சுத்தமாக இருந்தது, விளிம்பிலிருந்து உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் மெல்லிய வளையங்கள் வரிசையாக நின்றன. கருவி பழுதென்று இரண்டு நாள் தேடினோம். மில்லிஆம்பியரைப் பாதியாக்கியதும் அவை மங்கிவிட்டன. பழுது எதுவும் இல்லை, விளிம்பில் விழும் செறிவில் நாங்கள் பிக்சல்களை அளவுதிருத்தம் செய்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆற்றல் விஷயம் இதைவிட நுட்பமானது, என் பார்வையில் இதைவிட முக்கியமானதும்கூட. ஃபோட்டான் எண்ணும் சி.டி.யை வாங்குவதே ஆற்றல் பிரித்துப் பார்க்கத்தானே. 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) ஃபோட்டான்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 120-இல் ஒன்று என்று பதிவாகும். கீழ்ப்பெட்டியில் இரண்டு குறைந்தது, மேல்பெட்டியில் ஒன்று கூடியது. முழுதாக மேலே விழாமல் முந்தைய பல்ஸின் வாலில் விழுந்தாலும் உயரம் தவறும். மொத்தக் கவுண்டில் 5 சதவீத இழப்பு என்று சாதுவாகத் தெரியும் செறிவிலேயே பெட்டிகளுக்கு இடையேயான விகிதம் நகர்ந்திருக்கும். இரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரியச் செலுத்தும் அயோடினையும் எலும்பில் உள்ள கால்சியத்தையும் பிரிக்கும் கணக்கு நம்பி நிற்பது அந்த விகிதத்தைத்தான், அதுவும் சிறு வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்க்கும் கணக்கு. அதனால் சாம்பல் நிறப் படம் நன்றாகவே இருக்கும்போது அயோடின் அளவுப் படம் மட்டும் பொய் சொல்லலாம். உடம்பின் நடுவில் இருக்கும் ஈரலில் இந்த ஆபத்து குறைவு. தோலுக்கு அருகில் உள்ள இரத்தக்குழாய், கை கால், காற்று நிறைந்த நுரையீரல் வழியே வரும் கதிர்கள், குழந்தைகளின் சிறிய உடம்பு, இவற்றில்தான் கண் வைக்க வேண்டும், அதுவும் உடம்பின் பருமனுக்குத் தக்க மில்லிஆம்பியர் குறைக்கப்படாதபோது.

செறிவால் வரும் இன்னொரு தொல்லை உண்டு, அதைப் பைல்-அப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காட்மியம் டெல்லுரைடில் எலக்ட்ரான்கள் வேகமாக ஓடிவிடும், எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் காலியிடங்களான ஹோல்கள் மெதுவாகத்தான் நகரும், வழியில் படிகக் குறைகளில் சிக்கியும் கொள்ளும். செறிவு மிகுந்தால் சிக்கிய மின்னூட்டம் சேர்ந்து உள்ளே இருக்கும் மின்புலத்தையே கலைத்துவிடும். பல்ஸ்கள் குட்டையாகும், கவுண்ட் நேரம் போகப்போக நகரும். போலரைசேஷன் என்பது இதுதான். பைல்-அப் அந்தந்த நொடியின் செறிவைப் பொறுத்தது, போலரைசேஷன் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் நினைவு வைத்திருக்கும். ஒரே மில்லிஆம்பியரில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு ஸ்கேன்களில் வளையங்கள் வேறு இடத்திலோ வேறு வலுவிலோ தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

சரி, இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள் என்றால், முதல் வழி பிக்சலைச் சின்னதாக்குவது. மேலே சொன்ன 10 கோடி செறிவில் 1 மில்லிமீட்டர் பிக்சலாக இருந்தால் பெருக்கல் 0.125-க்குப் பதில் 2 ஆகியிருக்கும், எண்ணும் டிடெக்டராகவே அது பயன்பட்டிருக்காது. ஆனால் பிக்சல் சிறுத்தால் ஒரு ஃபோட்டானின் மின்மேகம் இரண்டு மூன்று பிக்சல்களில் பங்கு போய், ஒரு 80 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் 50, 30 என்று இரண்டாகப் பதிவாகும். போதாததற்குக் காட்மியமும் டெல்லுரியமும் 23, 27 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அளவில் தங்கள் சொந்த எக்ஸ்ரேக்களை வெளிவிட்டு அவை பக்கத்துப் பிக்சலில் விழும். இப்படிப் பங்கு போனதைத் தேடிக் கூட்டிச் சேர்க்கும் சுற்றுகள் உண்டு, ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் உருவான மெடிபிக்ஸ்3 சில்லில் அப்படி ஒரு முறை இருக்கிறது, ஆனால் கூட்டிச் சேர்க்க நேரம் பிடிப்பதால் தாங்கக்கூடிய செறிவு குறைந்துவிடும். பல்ஸைக் குறுக்கினால் பைல்-அப் குறையும், மின்னணு இரைச்சல் ஏறும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது, இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி இதுதான். சிலிக்கானை விளிம்பு வாட்டத்தில் நிறுத்தி ஆழத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, செறிவை அந்தத் துண்டுகளுக்கிடையே பங்கு போடும் வழியும் உண்டு. இவற்றோடு, ஓரங்களில் கதிரைத் தணிக்கும் பவ்-டை ஃபில்டர், உடம்புக்கேற்ப ஏறி இறங்கும் குழாய் மின்னோட்டம், பல தடிமன்களில் அளந்து போடும் பைல்-அப் திருத்தம் எல்லாம் சேர்ந்துதான் இது மருத்துவமனைக்கு வந்தது. காட்மியம் டெல்லுரைடு கொண்ட சீமென்ஸின் நியோட்டம் ஆல்ஃபா மெஷினுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. நோயாளிகளுக்குப் பயன்படும் மெஷினில் பைல்-அப் என்பது அடக்கிவைக்கப்பட்ட பிரச்சினை, ஒழிக்கப்பட்ட பிரச்சினை என்று சொல்ல மாட்டேன்.

அதனால் மில்லிஆம்பியரை எப்போதும் குறைத்து வைக்கலாமா என்ற கேள்விக்கு, மருத்துவ மெஷினில் வேண்டாம் என்பதே என் பதில். டோஸ் எவ்வளவு தேவை என்பதை உடம்பின் பருமனும் தேடும் நோயும் முடிவு செய்யட்டும், பைல்-அப்புக்குப் பயந்து குறைத்தால் நடுக்கதிர்கள் பட்டினி கிடக்கும், அந்த இரைச்சலைத் திருத்த எந்தக் கணக்கும் இல்லை. செறிவு குறைவாக இருக்கும் இடத்தில் இந்த டிடெக்டரின் பலமே வேறு: 20, 25 கிலோ எலக்ட்ரான்வோல்டுக்குக் கீழே உள்ள மின்னணு இரைச்சலைத் திரெஷோல்டு வாசலிலேயே நிறுத்திவிடுவதால், ஃபோட்டான் பஞ்சத்தில் பழைய டிடெக்டர் திணறும் இடத்தில் இது தாக்குப்பிடிக்கும். குறைந்த டோஸில் இது சிறக்கக் காரணம் இதுதான், செறிவு குறைவதால் பைல்-அப் குறைவது கூடுதல் லாபம்.

உங்கள் ஆய்வகத்தில் ஒரு கருவி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் இதைச் செய்து பாருங்கள். நீர் ஃபாண்டத்தின் நடுவில் ஒன்றும் விளிம்பருகே ஒன்றுமாக ஒரே அடர்த்தியில் அயோடின் கரைத்த குப்பிகள் இரண்டு வையுங்கள். 400 மில்லிஆம்பியரில் கால் நொடிச் சுழற்சி ஒரு ஸ்கேன், 100 மில்லிஆம்பியரில் ஒரு நொடிச் சுழற்சி இன்னொரு ஸ்கேன். அவ்வளவு வேகமாகச் சுழலாத கருவி என்றால் அதே நான்குக்கு ஒன்று விகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் மெதுவாக்குங்கள். இரண்டிலும் மொத்த ஃபோட்டான் ஒன்றே, டோஸும் ஒன்றே, நெருக்கம் மட்டும் நான்கு மடங்கு. ஆனால் அதற்கு முன்னால், ஃபாண்டத்தை வைக்காமல், குழாய் மின்னழுத்தம் 120 கிலோவோல்ட்டாக இருக்கும்போது ஒரு திரெஷோல்டை 130-க்கு மேலே ஏற்றிக் கவுண்ட் எடுங்கள். அந்த ஆற்றலில் குழாயிலிருந்து ஒரு ஃபோட்டான்கூட வர முடியாது, கருவியின் ஆற்றல் மங்கலுக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறீர்கள். அங்கே பதிவாவது கிட்டத்தட்ட எல்லாமே பைல்-அப். மில்லிஆம்பியரை இரட்டிப்பாக்கும்போது அந்தக் கவுண்ட் இரண்டு மடங்காகாமல் ஏறத்தாழ நான்கு மடங்கானால் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொள்ளும் கட்டத்தில் இருக்கிறீர்கள், திருத்தம் கைகொடுக்கும். எட்டு மடங்கை நோக்கிப் போனால் மூன்று மூன்றாக ஒட்ட ஆரம்பித்துவிட்டன, அந்த மில்லிஆம்பியரில் எடுத்த விளிம்புக் குப்பியின் அயோடின் அளவை அறிக்கையில் போடாதீர்கள்.